நாற்பத்து மூன்றாம் நாள்

லாரி வந்தது இரவு பதினொன்றரைக்கு.
இருட்டில் பிடித்தால் கோழி துள்ளாதாம்.
கைக்கு நான்கு, காலைப் பிடித்துத் தலைகீழாக.
தீனி தின்னட்டும் என்று
ராத்திரியெல்லாம் விளக்கெரித்த கொட்டகை.
கரண்ட் போன நேரங்களைக் கழித்தால்
அவை பார்த்த முதல் இருட்டு
அந்த லாரிக்காக அணைத்ததுதான்.

மூவாயிரத்துச் சொச்சம் ஏறிப் போனது.
ஏழு ஏறவில்லை.
"கால் விளங்காதது, எடைக்கு ஆகாது"
என்று சூப்பர்வைசர் கார்மேகம்
அட்டையில் கழித்தார்.
கையெழுத்துப் போட்டேன்,
ஆறு வருடமாகப் போடுகிற கையெழுத்து.
குஞ்சு கம்பெனியுடையது
தீவனம் கம்பெனியுடையது
மருந்தும் ஊசியும் கம்பெனியுடையது
செத்தது மட்டும் எங்களுடையது.

என் தம்பி நூகு
மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவன்.
மடியில் விழும் சங்காயத்தைக்
கரையில் கொட்டுவார்கள்:
விரல் நீளம் எட்டாத பாறை,
கண் மட்டும் பெரிதான சூடை,
ஓடு முற்றாத நண்டு.
அது மணலில் காய்ந்து, மாவாகி,
நாமக்கல் வரை போய்
மூட்டையில் பேர் அச்சடித்துக்கொண்டு
வேதாளைக்கே திரும்பி வரும்.
வளர விடாத மீனைத் தின்று
வளரக்கூடாத வேகத்தில் வளர்ந்தது கோழி.
ஒருநாள் தொட்டியில்
அரைபடாத செதில் ஒன்று கிடைத்தது.
நகத்தளவு. மினுங்கியது.
ஏனோ அதைத் தூர எறியவில்லை.

லாரி போன மறுநாள்
எரு வாருவதற்காக
மேற்குப் பக்க வலையைக் கழற்றினோம்.
ஏழும் வெயில் விழுந்த கோடு வரை வந்து
நின்றுகொண்டன.
"என்ன, பாஸ்போர்ட் கேக்குதா?" என்றார் சீனி,
இருபது வருடம் தம்மாமில் இருந்தவர்.
பிறகு சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒன்று தாண்டியது,
ஒரு கறையானுக்காக.
நாலடி நடந்து நெஞ்சுப் பாரத்தில் உட்கார்ந்தது.
உட்கார்ந்த இடத்திலேயே
ஒரு சிறகை விரித்து மணலை வாரி
முதுகில் போட்டுக்கொண்டது.
அதற்குத் தாய் கிடையாது,
பொரித்தது மிஷின்.
மணலில் குளிக்க
யார் சொல்லியிருப்பார்கள்?

அடுத்த குஞ்சு வேண்டாம் என்று போனில் சொன்னேன்.
கார்மேகம் கோபப்படவில்லை.
"சிறுவிடை போட்டா நாள் ஆகும்க்கா,
கீரி தின்னும், பருந்து தூக்கும்,
கூட்டுறவு பேங்க்ல கடன் நிக்கும்."
எல்லாமே நடந்தது.
அறுபது குஞ்சில் பதினேழு கீரிக்கு.
கடன் இன்னும் நிற்கிறது.
முட்டை பதினைந்து ரூபாயா என்று
பேரம் பேசிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள்
என் சொந்தக்காரர்கள்தான்.

கொட்டகையின் மின்விசிறிகளை
பரமக்குடிக்காரர் ஒருவர் வாங்கிப் போனார்.
அங்கே வேறு மூவாயிரத்துக்கு
அவை சுற்றிக்கொண்டிருக்கும்.
அதை நினைத்தால்
என் பெருமையில் பாதி போய்விடுகிறது.

நூகு இன்னும் படகில்தான்.
"நீ வாங்காட்டி சங்காயம் நின்னுருமா லாத்தா?"
நிற்காது.
பானையில் ஈர வைக்கோலும் சாணமும் வைத்துக்
கவிழ்த்து வைக்கிறேன், காலையில் கறையான்.
உடைமர நிழலில் சேவல் ஒன்று
கிடைத்ததைத் தின்னாமல்
பெட்டையைக் கூப்பிடுகிறது.
கண்ணைக் கரிக்கிற அந்த நெடி
மழை பெய்தால் மட்டும்
தரையிலிருந்து இன்னும் எழும்புகிறது.

ஏழில் ஆறு அந்த மாதமே செத்தன,
இரண்டு நடந்துகொண்டிருந்தபோதே.
மிச்சமிருக்கும் வெள்ளைக்குக்
கிளையில் ஏறத் தெரியாது.
பொழுது சாய்ந்தால்
மற்றவை ஏறி அடையும் கொம்புக்கு நேர் கீழே
மணலைப் பறித்துப் படுத்துக்கொள்ளும்.
விளக்கு இல்லை.
கடலின் இரைச்சல் மட்டும்
வலையில்லாத பக்கமாக உள்ளே வரும்.

கம்பெனி அட்டை அதே ஆணியில் தொங்குகிறது.
நாள் என்று போட்ட கட்டங்கள்
நாற்பத்திரண்டோடு முடிந்துவிடும்.
அதற்கு மேல் அச்சடித்தவர்களுக்குத் தேவைப்படவில்லை.
அட்டையைத் திருப்பி
பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.